ஒரு பவுனுக்கு எத்தனை செல்போன்?

டெல்லியில் எங்கள் பக்கம் கபாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருவார். ஆபீஸ் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நாள் எது என்பது அவருக்குத் தெரியும். மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டே "கபாடீ…" என்று அவர் இழுக்கிற இழுப்பில் நாலாவது மாடி வரை கதவு திறக்கும். நம் ஊரில் பழைய இரும்பு சாமானுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஒருவர் வருவாரே, அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இவரிடம் பேரீச்சம்பழம் கிடையாது. தொங்கு தராசும் கசங்கிய ரூபாய் நோட்டுகளும்தான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மயூர் விஹாரில் எங்கள் எதிர்வீட்டு சார் பரணைக் காலி செய்தார். பட்டன் வைத்த பழைய செல்போன் மூன்று, செத்துப்போன செட்டாப் பாக்ஸ் ஒன்று, மிக்ஸி மோட்டார், கம்ப்யூட்டர் கீபோர்டு, பாம்புக் குட்டிகள் மாதிரிப் பின்னிக்கிடந்த சார்ஜர் வயர்கள், பின்பக்கம் கூன் விழுந்த பழைய டிவி. டிவியைத் தவிர எல்லாவற்றையும் கோணியில் கட்டித் தராசில் மாட்டிய கபாடிக்காரர் ஒரு தொகையைச் சொன்னார். சாருக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, இதுக்குள்ள தங்கம் இருக்குதாமே? பேப்பர்ல போட்டிருந்தான். இவரு இரும்பு விலைக்குக் கேக்கறாரு" என்று என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார். கபாடிக்காரர் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தார். சார் வீட்டு ஆன்ட்டி இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது தொடங்கிய பேச்சுதான் இது.

சார் பிறந்தது கோலார் தங்கவயலில். அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து போய் அந்தப் பூமியைக் குடைந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. ஆகவே அவரிடம் தங்கத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனால் செல்போன் என்கிற சுரங்கத்துக்குள் அவர் இறங்கியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பித்தேன்.

"சார், ஒரு போன்ல எவ்வளவு தங்கம் இருக்கும்னு நினைக்கறீங்க?"

"ஒரு கிராம்?"

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 10 லட்சம் செல்போன்களைப் பிரித்தால் ஏறத்தாழ 16 டன் செம்பு, 350 கிலோ வெள்ளி, 34 கிலோ தங்கம், 15 கிலோ பல்லேடியம் கிடைக்கும் என்பது அது. தங்கத்தை மட்டும் வகுத்துப் பாருங்கள். ஒரு போனுக்கு 34 மில்லிகிராம். எட்டு கிராம் கொண்ட ஒரு பவுன் சேர்க்க 235 போன் வேண்டும்.

சாரின் முகம் விழுந்துவிட்டது. மூன்று போனுக்கு என்ன வரும் என்று அவர் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இதே கணக்கை அவருடைய ஊர்க் கணக்கோடு வைத்துப் பார்த்தால் கதை மாறும். பேட்டரியைக் கழற்றிய போன் ஒன்று 130 கிராம் என்று வைத்தால், 235 போன் முப்பது கிலோ. ஒரு கோணி மூட்டை. தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்த காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும் தறுவாயில் அது டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. அதாவது ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேலான பாறை. அதையும் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வெட்டி, மேலே தூக்கி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

"அப்போ எங்க ஊரைவிட இது நல்ல சுரங்கம்" என்றார் சார்.

நல்ல சுரங்கம்தான். அதை ஊருக்கு முன்னால் காட்டியது டோக்கியோ. 2020 ஒலிம்பிக்ஸுக்கான ஏறத்தாழ 5,000 பதக்கங்களை, 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பானிய வீடுகளிலிருந்து திரட்டிய பழைய மின்னணுச் சாமான்களின் உலோகத்திலிருந்தே செய்தார்கள். திரட்டியது 78,985 டன். அதோடு 62 லட்சம் செல்போன் தனி. கிடைத்த தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ, வெண்கலம் 2,200 கிலோ. (தங்கப் பதக்கம் என்று சொல்கிறோமே தவிர, அது வெள்ளி வில்லைக்குமேல் ஆறு கிராம் சொச்சம் தங்க முலாம்.) இந்த எண்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 78,985 டன்னில் பெரும்பகுதி போன் அல்ல, வீட்டுச் சாமான். வீட்டுச் சாமானில் தங்கம் அபூர்வம். மிக்ஸியில் இருப்பது செம்பும் இரும்பும். வாஷிங் மிஷினில் இரும்புத் தகடு. தங்கம் தேடுகிறவன் போனையும் கம்ப்யூட்டரையும்தான் முதலில் தூக்குவான்.

போனுக்குள் தங்கம் எதற்கு? நகை போட்டுக்கொள்ளவா? இந்தக் கேள்வியை ஆன்ட்டி சமையலறையிலிருந்தே கேட்டார்கள். பித்தளைக் குத்துவிளக்கை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் களிம்பு ஏறுகிறது. வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகிறது. போனுக்குள் ஓடும் மின்சாரம் மிகச் சன்னமானது. சிம் கார்டு உட்காரும் இடத்திலோ சார்ஜர் முனையிலோ உலோகம் உலோகத்தைத் தொடும்போது நடுவில் மெல்லிய களிம்புப் படலம் ஒன்று இருந்தாலே போதும், தொடர்பு அறுந்துபோகும். களிம்பு ஏறாத, நன்றாக மின்சாரம் கடத்துகிற உலோகம் தங்கம். அதனால் தொடுமுனைகளில் மட்டும் முலாம் பூசுகிறார்கள். எவ்வளவு கனம்? தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு; பல இடங்களில் அதைவிடவும் மெல்லியது. உரைகல்லில் தேய்த்துப் பார்க்கக்கூடப் போதாது.

கோணியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கீபோர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் சாம்பல் நிறக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா, அது வெள்ளி மை. சர்க்யூட் போர்டில் மணல் பருக்கை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மின்தேக்கிகளில், பழைய ரகமாக இருந்தால் பல்லேடியம். கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் விரலைக் கடிக்கிற காந்தம் இருக்கும்; அது நியோடிமியம். போன் பேட்டரியில் லித்தியமும் கோபால்ட்டும். பற்றவைத்த ஈயம் என்று நாம் சொல்வது பழைய போர்டில் உண்மையிலேயே ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. புதிய போர்டில் வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும். கூன் விழுந்த டிவியின் கண்ணாடிக்குள் மட்டும் கிலோ கணக்கில் ஈயம் இருக்கும். கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காகக் கண்ணாடியோடு சேர்த்தே உருக்கியது. கபாடிக்காரர் டிவியைத் தொடாமல் போனதற்குக் காரணம் அதுதான். அதில் அவருக்கு வேண்டியது கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள் மட்டும். கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை.

ஒரு போர்டில் இத்தனை உலோகம் இருந்தும் அதன் விலை ஏன் இவ்வளவு குறைவு? சார் கேட்ட முதல் கேள்விக்கு இங்கேதான் பதில் வருகிறது. உலோகம் உள்ளே இருப்பதற்கு விலை இல்லை, பிரிந்து வெளியே வருவதற்குத்தான் விலை. தங்கவயல் பாறையும் வெறும் பாறைதான், அதை அரைக்கிற மில் இல்லாதவனுக்கு.

அந்த மில் டெல்லியில் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒருமுறை போயிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பிங்க் லைன் பிடித்தால் வெல்கம் ஸ்டேஷன். (வாசலில் கோலம் போட்டு வரவேற்கிற மாதிரி ஒரு பெயர், அந்தக் காலனியின் பெயரே அதுதான்.) அங்கே ரெட் லைனுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் சீலம்பூர். 2002 டிசம்பரில் டெல்லி மெட்ரோ முதன்முதலாக ஓடிய ஆறு ஸ்டேஷன்களில் ஒன்று. இறங்கி இரண்டு சந்து தாண்டினால் பச்சை நிற போர்டுகள் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கும். இந்தியாவிலேயே பெரிய மின்னணுக் கழிவுச் சந்தைகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள்.

நம் ஊர்க் காயலான் கடை எதையும் வாங்கும். சீலம்பூர் அப்படி இல்லை. ஒரு கடையில் வெறும் வயர், அடுத்ததில் பவர் சப்ளை, மூன்றாவதில் கீபோர்டு, அதற்கும் அடுத்ததில் ஹார்டு டிஸ்க் மட்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உளியும் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு ஒருவர் கம்ப்யூட்டரைப் பிரிக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும். பலாப்பழம் உரிக்கிற கை பழகிய அம்மா மாதிரி. இரும்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம் விழுகிறது. அவர்கள் வாயில் செம்பு 'தாம்பா', அமிலம் 'தேஜாப்', உலை 'பட்டி'. ஓடக்கூடிய பாகம் எதையும் உடைப்பதில்லை. நல்ல சிப்பைச் சூடு காட்டி உயிரோடு கழற்றி ரிப்பேர் கடைகளுக்கு விற்றுவிடுகிறார்கள். தங்கத்தைவிட அதில்தான் காசு அதிகம் என்று ஒருவர் சொன்னார். போட்டோ எடுக்கட்டுமா என்றேன், கடை ஷட்டர் பாதி இறங்கியது. அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் என்று வந்து போனவர்களைப் பார்த்துச் சலித்த இடம் அது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கை நோகப் பிரிக்கிற வரைக்கும் இந்தத் தொழிலில் பெரிய குறை சொல்ல எனக்கு மனசு வராது. வெறும் போர்டு மட்டும் மிஞ்சுகிறதே, அதற்குப் பிறகுதான் விஷயம் கெடுகிறது.

அந்த போர்டு சீலம்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மண்டோலிக்கும், உத்தரப்பிரதேச எல்லை தாண்டி லோனிக்கும், இன்னும் தள்ளி பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன மொரதாபாத்துக்கும் போகிறது. மொரதாபாத்துக்கு ஏன்? தலைமுறை தலைமுறையாக உலோகம் உருக்குகிற ஊர் அது. உலையும் அங்கே உண்டு, உருக்கத் தெரிந்த கையும் உண்டு. அங்கே போர்டை எரித்து, சாம்பலை அரைத்து, ராம்கங்கை ஆற்றங்கரையில் அலசி உலோகத்தை எடுத்தார்கள். கரையில் கரும்பொடி மேடு மேடாகக் குவிந்து, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

மண்டோலியில் நடப்பது திராவக வேலை. இதை ஆசாரிகளும் அறிவார்கள். போர்டைத் தேஜாப் தொட்டியில் ஊறப்போட்டால் செம்புத் தகடு கழன்று வரும். தங்க முலாம் பூசிய முனைகளை மட்டும் நறுக்கி வெடியுப்புத் திராவகத்தில் போட்டால் செம்பும் மற்றதும் கரைந்து, செங்காவிப் புகை கிளம்பி, திராவகம் மயில்துத்த நிறத்துக்கு மாறும். தங்கம் கரையாது, தகட்டுத் துணுக்காக மிதக்கும். அதை வடிகட்டி, உப்பு அமிலம் மூன்று பங்கும் வெடியுப்புத் திராவகம் ஒரு பங்கும் கலந்த ராஜதிராவகத்தில் போட்டால் தங்கமும் கரைந்து மஞ்சள் நீராகிவிடும். தனித்தனியாகத் தங்கத்தை ஒன்றும் செய்ய முடியாத இரண்டு திராவகம் சேர்ந்தால்தான் அதைக் கரைக்கும். பிறகு அன்னபேதிக் கரைசலை ஊற்றினால் அடியில் காவிப் பொடி படியும். பார்த்தால் செங்கல் தூள் என்பீர்கள். மூசையில் வைத்து உருக்கினால் பொன் மணியாகத் திரளும்.

"நல்லா இருக்கே! வீட்டுலயே செய்யலாம் போல" என்றார் சார், பாதி விளையாட்டாக.

வேண்டவே வேண்டாம். அந்தச் செங்காவிப் புகை நுரையீரலில் போனால் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டும். மூன்று போனில் கிடைக்கிற தங்கம் ஒரு குன்றிமணிகூட இருக்காது. செலவாகிற திராவகத்தின் விலை அதைவிட அதிகம் ஆனாலும் ஆகலாம். காரியம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நீல நிறத் திராவகத்தை எங்கே கொட்டுவீர்கள்? மண்டோலியில் அதைச் சாக்கடையில்தான் கொட்டினார்கள். டெல்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2014-இல் லோனி, மண்டோலி மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தபோது ஈயம் முதலான கன உலோகங்கள் இருக்க வேண்டிய அளவுக்கு வெகு மேலே இருந்தன. வயர்களின் மேலுறையை எரித்துச் செம்பு எடுப்பது இன்னொரு கொடுமை. பிவிசி எரிகிற புகையில் டையாக்சின் உண்டாகும். ஈயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தையின் மூளைக்கு அது எந்த அளவில் போனாலும் கெடுதல்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அப்பாவின் தோழர்கள் பலர் பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமிப் போனவர்கள். தங்கவயலில் இன்றும் நிற்கிற சயனைடு மேடுகளிலிருந்து காற்றடிக்கும் மாதத்தில் வெள்ளைத் தூசி கிளம்பி வீட்டுக்குள் வருமாம்.

இவ்வளவு பாடுபட்டும் திராவகத் தொட்டி கொடுப்பது என்ன? 2000-களின் நடுவில் பெங்களூரில் இப்படிப்பட்ட பட்டறைகளை ஆராய்ந்த ஸ்விஸ் ஆய்வாளர்கள், போர்டில் உள்ள தங்கத்தில் கால்வாசிதான் கைக்கு வருகிறது என்று கண்டார்கள். முக்கால்வாசி சாக்கடையோடு போகிறது. கண்ணுக்குத் தெரிகிற முலாமை மட்டும் எடுக்கிறார்கள். சிப்புக்குள் இருக்கும் தலைமுடிபோன்ற தங்கக் கம்பி, பல்லேடியம், வெள்ளி எல்லாம் வீண்.

எதிர்ப்பக்கம் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பக்கத்தில் ஹோபோகன் என்று ஓர் ஊர். யூமிகோர் நிறுவனத்தின் உருக்காலை அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் காங்கோவிலிருந்து வந்த தாதுவை உருக்கிய கம்பெனி, இன்று உலகம் முழுவதிலிருந்தும் வரும் போர்டுகளையும் உருக்குகிறது. அதன் சூட்சுமம் நம் ஆசாரிக்குப் புரிகிற ஒன்றுதான். உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தனக்குள் வாரிக்கொள்ளும். போர்டின் பிளாஸ்டிக்கே உலைக்கு விறகு. செம்பைப் பிறகு கரைத்து மின்சாரம் வழியே பிரித்துவிட்டால் விலை உயர்ந்ததெல்லாம் அடியில் தங்கிவிடும். இப்படித் தங்கத்தில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. புகையைச் சுத்தம் செய்கிற ஏற்பாட்டுக்கே பெரும் செலவு. அப்படியும், 2020-இல் அந்த ஆலையை ஒட்டிய குடியிருப்பில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பது தெரிந்து, கம்பெனியே பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லும்படி ஆனது. பணக்கார ஊர் என்றால் ஈயம் விலகி நடக்குமா என்ன.

ஐரோப்பாவுக்கு நூற்றுக்கு நூறு, சீலம்பூருக்கு முட்டை என்று சார் மதிப்பெண் போடப் பார்த்தார். அங்கேதான் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வை எடுத்துப் போட்டேன்.

2009-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், பழைய கம்ப்யூட்டர் முதலான மின்னணுச் சாமான்களை இயந்திரத்தில் நொறுக்கித் தரம் பிரிக்கும் ஒரு நவீன ஆலையைத் தொடர்ந்து பார்த்தார்கள். உள்ளே போன தங்கம் எந்தெந்தக் குவியலுக்குப் போகிறது என்று கணக்கெடுத்தார்கள். மீட்கக்கூடிய குவியலுக்குப் போய்ச் சேர்ந்தது 25.6 சதவீதம்தான். வெள்ளியில் 11.5 சதவீதம். மிச்சமெல்லாம் இரும்புக் குவியலிலும் பிளாஸ்டிக் குவியலிலும் தூசியிலுமாக ஒட்டிக்கொண்டு போய்விட்டது. முலாம் முடிகனத்தில் நூறில் ஒரு பங்கு என்றேனே, அதைச் சுத்தியல் இயந்திரத்தில் போட்டு நொறுக்கினால் என்ன ஆகும்? ஆக, ஹோபோகன் உலை 95 சதவீதம் எடுப்பது உண்மை. ஆனால் அந்த உலைவாசல் வரைக்கும் தங்கம் வந்து சேர வேண்டுமே.

சீலம்பூரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் போர்டை முழுசாக, ஒரு மூலை உடையாமல் கழற்றி எடுக்கிறார். முதல் படியில் அவர் இயந்திரத்தை வெல்கிறார். கடைசிப் படியில் திராவகத் தொட்டி உலையிடம் தோற்கிறது. பிரிப்பது அவருடைய கையில் இருக்கட்டும், உருக்குவது ஆலையில் நடக்கட்டும், இரண்டுக்கும் நடுவே நியாயமான விலை ஓடட்டும் என்பதுதான் என் கட்சி. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இரு உலகங்களிலும் சிறந்ததைச் சேர்ப்போம் என்று பதினைந்து, இருபது வருஷமாகவே ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். நடக்காததுதான் விசேஷம்.

"ஏன் நடக்கல? சட்டம் இல்லையா?"

சட்டம் தாராளமாக இருக்கிறது. முதல் விதிகள் 2011-இல் வந்து 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் திருத்தி எழுதினார்கள். மறுபடி 2022-இல் எழுதி 2023 ஏப்ரல் 1 முதல் அமல். சாரம் ஒன்றுதான்: டிவி விற்ற கம்பெனியே அது செத்த பிறகும் பொறுப்பு. விற்றதில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆனது என்று கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுக்கு 60, அடுத்த இரண்டு ஆண்டுக்கு 70, அதன்பின் 80. கம்பெனி தானே செய்ய வேண்டியதில்லை. பதிவுபெற்ற ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கினால் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2024-இல் அதற்குக் கீழ்வரம்பு விலையும் வைத்தது. வீட்டுச் சாமான்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். அது அதிகம் என்று பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது. ஒன்று, சான்றிதழ் கிடைப்பது தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நாலுக்கு மட்டும். பல்லேடியத்தையும் நியோடிமியத்தையும் மெனக்கெட்டு எடுக்கிறவனுக்கு இதில் பலன் இல்லை. அரிய கனிமங்களை மறுசுழற்சி செய்கிறவர்களுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை என்று 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அது இந்த ஓட்டையை எவ்வளவு அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பெரிய இடி: விதிகளில் கபாடிக்காரர் கிடையாது. நாட்டின் வீட்டுவாசல் அத்தனையையும் அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் நமக்குக் காசு கொடுத்து வாங்குகிறார். பதிவுபெற்ற மையத்துக்கோ நாமே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார் போவார்கள்? உலக அளவில் 2022-இல் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

டெல்லி அரசு வடக்கே ஹொலம்பி கலானில் மின்னணுக் கழிவுப் பூங்கா என்று ஒன்றை அறிவித்திருக்கிறது. 11.4 ஏக்கர். சீலம்பூர்க்காரர்களுக்கு அங்கே பயிற்சியும் இடமும் என்பது பேச்சு. பூங்கா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். வந்தால் நல்லது.

கபாடிக்காரருக்கு என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதன் விலையை இந்த ஊர் ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2010-இல் மேற்கு டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய கருவி ஒன்றைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி இறந்துபோனார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நம் வீட்டுப் பரணில் அப்படி எதுவும் இருக்காது. ஆனால் உப்பிய பேட்டரி இருக்கும். அதைக் கோணியில் மற்றதோடு போட்டு அமுக்கினால் வண்டியிலேயே தீப்பிடிக்கும்.

"சரி தம்பி, நான் என்னதான் செய்யணும்?"

போனிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். முனையில் செல்லோ டேப் ஒட்டுங்கள். போனை, அந்தக் கம்பெனி சேகரிக்கிற கடை எது என்று கேட்டு அங்கே கொடுங்கள். டிவியை உடைக்க விடாதீர்கள். அதையும் பதிவுபெற்ற ஆலைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுங்கள், அதற்குக் காசு எதிர்பார்க்காதீர்கள். மிக்ஸி மோட்டாரும் இரும்பும் கபாடிக்காரருக்கே போகட்டும். செம்பு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வயரை எரிக்காமல் உரிக்கச் சொல்லுங்கள், கேட்பார் என்று சொல்ல முடியாது. டீ ஆறிப்போயிருந்தது. ஆன்ட்டி இன்னொரு தடவை சுட வைத்தார்கள்.

சார் வாரம் முழுக்கச் சும்மா இருக்கவில்லை. பேப்பரை விரித்துப்போட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து, செட்டாப் பாக்ஸைப் பிரித்து, போர்டு, தகரம், பிளாஸ்டிக் என்று மூன்று குவியலாக வைத்திருந்தார். போர்டுக்குத் தனி விலை கேட்பதாக உத்தேசம். ஞாயிற்றுக்கிழமை கபாடிக்காரர் வந்தார். குவியல்களைப் பார்த்தார். போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"அங்கிள், இதை எதுக்குப் பிரிச்சீங்க? முழுசா இருந்திருந்தா ரிப்பேர்காரன் வாங்கியிருப்பான். எடை விலையைவிட ரெண்டு மடங்கு கொடுத்திருப்பேன்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.